மூன்று மீட்டர் இடைவெளி

2020 ஜூலை மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் மும்பையில் ஒரு ரத்தப் பரிசோதனை ஆய்வு நடந்தது. மாநகராட்சி, நிதி ஆயோக், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் ஆகியவை சேர்ந்து நடத்தியது. மாட்டுங்கா, செம்பூர் மேற்கு, தஹிசர் பகுதிகளை உள்ளடக்கிய மூன்று வார்டுகளில் 6,936 பேரின் ரத்தத்தை எடுத்து, கொரோனா ஏற்கெனவே வந்துபோனதற்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்கு இருந்தது. அதே வார்டுகளின் மற்ற பகுதிகளில் 16 சதவீதம்.

ஒரே ஊர், ஒரே வைரஸ், ஒரே ஊரடங்கு. பல இடங்களில் நடுவில் ஒரு தெருதான். ஆனால் தெருவுக்கு இந்தப் பக்கம் ஆறில் ஒருவருக்கு, அந்தப் பக்கம் பாதிக்கு மேல்.

இந்த எண்களைச் சொன்னால் பெரும்பாலும் வரும் பதில், "அவங்க சுத்தமா இருக்கமாட்டாங்க, மாஸ்க் போடமாட்டாங்க" என்பதுதான். அதாவது நோய் ஆட்களின் பழக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நாளாக இது சம்பந்தமாகப் படித்துச் சேர்த்த குறிப்புகள் என்னை வேறு பக்கம் கொண்டுபோயின. வறுமை என்றால் பையில் பணம் இல்லாதது என்று மட்டும்தான் நாம் நினைக்கிறோம். தொற்றுநோய் விஷயத்தில் வறுமை ஓர் இடமும்கூட. அதற்குச் சுவர் உண்டு, ஜன்னல் உண்டு, மீட்டர் கணக்கில் அளக்கக்கூடிய அகலம் உண்டு. இதைப் புரிந்துகொள்ள மும்பையும் காசநோயும் நல்ல உதாரணம்.

காற்றில் மிதப்பது

முதலில் காசநோய் எப்படிப் பரவுகிறது என்று பார்த்துவிடுவோம். எச்சில் பட்ட டம்ளரில் பரவும், தொட்டால் ஒட்டும் என்றெல்லாம் இன்னும் பலர் நம்புகிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. நுரையீரல் காசநோய் உள்ளவர் இருமும்போதும் பேசும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காற்றில் உலர்ந்து, கிருமியோடு மணிக்கணக்கில் மிதக்கும். அந்தக் காற்றை இன்னொருவர் சுவாசிக்கிறார். அவ்வளவுதான் வழி.

இது வெறும் ஊகம் இல்லை. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் வெல்ஸ், ரிச்சர்ட் ரைலி என்ற இருவர் இதைச் சோதித்துக் காட்டினார்கள். காசநோய் வார்டின் காற்றைக் குழாய் வழியாக மேலே கொண்டுபோய் கினிப் பன்றிகள் இருந்த அறைக்குள் விட்டார்கள். நோயாளியையே பார்க்காத, அவர் தொட்ட எதையும் தொடாத பன்றிகளுக்கு நோய் தொற்றியது. அதே காற்றைப் புற ஊதாக் கதிர் வழியாகச் செலுத்தி அனுப்பியபோது தொற்றவில்லை.

இவர்கள் இருவர் பெயரிலும் ஒரு சமன்பாடு இருக்கிறது. கணக்கு பிடிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்குத் தொற்றும் வாய்ப்பு நான்கு விஷயங்களைப் பொறுத்தது. அறையில் எத்தனை நோயாளிகள், ஒவ்வொருவரும் எவ்வளவு கிருமியை வெளிவிடுகிறார், நீங்கள் எவ்வளவு நேரம் அங்கே சுவாசிக்கிறீர்கள், அறையின் காற்று எவ்வளவு வேகமாக வெளிக்காற்றால் மாற்றப்படுகிறது. முதல் மூன்றும் கூடக்கூட ஆபத்து கூடும். நான்காவது கூடினால் குறையும்.

இந்த நான்காவது விஷயத்தின் பலம் எவ்வளவு? பெரு நாட்டின் லிமா நகரில் மருத்துவமனை அறைகளை அளந்து 2007இல் வெளியான ஆய்வு ஒன்று இதற்குப் பதில் சொல்கிறது. 1950க்கு முன் கட்டிய, உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழைய வார்டுகளில், ஜன்னலைத் திறந்தால் மணிக்குச் சுமார் 40 முறை காற்று முழுவதும் மாறியது. 1970க்குப் பிறகு கட்டிய, கூரை தாழ்ந்த ஜன்னல் அறைகளில் 17 முறை. இயந்திரத்தால் காற்றோட்டம் தரும் அறைகளில் 12 முறை. சிகிச்சை பெறாத காசநோயாளிகளோடு ஒரு நாள் முழுக்க இருந்தால் தொற்றும் வாய்ப்பைச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தார்கள். பழைய வார்டில் 11 சதவீதம், புதிய ஜன்னல் அறையில் 33, இயந்திர அறையில் 39. நோயாளி, கிருமி, நேரம் எல்லாம் ஒன்றுதான். கூரையும் ஜன்னலும் மட்டும்தான் வேறு.

தப்பான காரணம், சரியான விதி

இப்போது மும்பைக்கு, அன்றைய பம்பாய்க்குப் போவோம். 1896 செப்டம்பரில் அங்கே மாண்ட்வி பகுதியில் பிளேக் கண்டுபிடிக்கப்பட்டது. ஊரே காலியாகும் அளவுக்குப் பயம். அடுத்த ஆண்டு கொண்டுவரப்பட்டதுதான் 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். 2020இல் கொரோனாவுக்காக மறுபடி தூசு தட்டி எடுத்தார்களே, அதே சட்டம்தான்.

பிளேக் எலியின் தெள்ளுப்பூச்சி வழியாகப் பரவுகிறது என்பது அப்போது ஆட்சியாளர்களுக்குத் தெரியாது. பிரெஞ்சு மருத்துவர் சீமோன் அதை 1898இல்தான் காட்டினார், அதையும் உடனே யாரும் ஏற்றுக்கொள்ளவில்லை. இருட்டு, நெரிசல், கெட்ட காற்று இவைதான் காரணம் என்று அதிகாரிகள் நம்பினார்கள். ஆகவே 1898இல் பம்பாய் மேம்பாட்டு அறக்கட்டளை என்ற அமைப்பை உருவாக்கி, நெரிசலான குடியிருப்புகளை இடித்து அகலமான சாலைகள் போடத் தொடங்கினார்கள். இடித்த அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. வீடிழந்தவர்கள் ஊரைவிட்டா போவார்கள்? வேலை பக்கத்தில்தானே இருக்கிறது. அடுத்த தெருவில் ஏற்கெனவே நிரம்பியிருந்த சால்களில் போய் நெருக்கியடித்துக்கொண்டார்கள். நெரிசலை ஒழிக்கிறோம் என்று கிளம்பியவர்கள் அதை அடுத்த தெருவுக்கு நகர்த்தினார்கள்.

ஆனால் அந்த அமைப்பிலிருந்து உருப்படியான ஒரு விஷயமும் வந்தது. அதன் தலைவராக இருந்த ஜே. பி. ஓர் என்ற ஆங்கில அதிகாரி, பம்பாய் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் என்பது பற்றி 1912இல் உரையாற்றினார். அவர் வலியுறுத்தியது 63½ டிகிரி விதி. கேட்கப் பயமாக இருந்தாலும் விஷயம் எளிது. உங்கள் ஜன்னலின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தை நோக்கி 63½ டிகிரி சாய்வில் ஒரு கோடு இழுங்கள். எதிர்க் கட்டடம் அந்தக் கோட்டைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பள்ளிக்கூட முக்கோணவியல்படி அந்தக் கோணத்தின் டேன் மதிப்பு ஏறக்குறைய 2. அதாவது எதிர்க் கட்டடம் உங்கள் ஜன்னலுக்கு மேலே எவ்வளவு உயர்கிறதோ, அதில் பாதியாவது நடுவில் இடைவெளி வேண்டும்.

பிளேக்கைப் பொறுத்தவரை இந்த விதியின் பின்னால் இருந்த நம்பிக்கை தவறு. எலித் தெள்ளுக்கு டிகிரி கணக்கு தெரியாது. காசநோயைப் பொறுத்தவரை விதி நூற்றுக்கு நூறு சரி. வானம் தெரியும் ஜன்னல் வழியாகத்தான் காற்று வரும், வெயில் வரும். வெயில் காசநோய்க் கிருமியைக் கொல்லும்.

அதே ஊர், நூறு ஆண்டு கழித்து

மும்பையின் கிழக்கே கோவண்டி, மான்குர்த் பகுதிகள் இருக்கின்றன. எம் கிழக்கு வார்டு என்பார்கள். ரயில் பாதையோரத்திலும் சாலை விரிவாக்கப் பாதையிலும் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களை 2000க்குப் பிறகு இங்கே கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட் என்று பெயர்கள். ஒரு குடும்பத்துக்கு 225 சதுர அடி வீடு. கான்கிரீட் சுவர், சொந்தக் கழிப்பறை, குழாய்த் தண்ணீர். காகிதத்தில் பார்த்தால் குடிசையிலிருந்து பெரிய முன்னேற்றம்தான், இல்லையா?

ஏழு மாடிக் கட்டடங்கள். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே சுமார் மூன்று மீட்டர்.

ஓரின் விதியை வைத்து ஒரு கணக்குப் போடுவோம். ஏழு மாடி என்றால் குறைந்தது 20 மீட்டர் உயரம். தரைத்தள ஜன்னலுக்கு விதிப்படி 10 மீட்டராவது இடைவெளி வேண்டும். மூன்று மீட்டர் இடைவெளிக்கு விதி அனுமதிக்கும் உயரம் ஆறு மீட்டர், அதாவது இரண்டு மாடி. ஏழு மாடிக் கட்டடத்தில் மேலே உள்ள இரண்டு தளங்கள்தான் தேறும். கீழே உள்ளவை எல்லாம் ஃபெயில். பகலில் விளக்கு போட வேண்டிய வீடுகள். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல், கீழே சந்தில் குப்பை. அதனால் ஜன்னலைத் திறப்பதும் இல்லை.

2018இல் மருத்துவர்களும் மும்பை ஐஐடியைச் சேர்ந்தவர்களும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று வெளியானது. இந்த இரண்டு காம்பவுண்டுகளையும், அதே வார்டில் கட்டடங்கள் தள்ளித்தள்ளி இருக்கும் பி.எம்.ஜி. காலனியையும் ஒப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய்க் காசநோய் பற்றிக் கேட்டார்கள். வெளிச்சத்தையும் காற்றோட்டத்தையும் கணினியில் மாதிரி செய்து பார்த்தார்கள். நெருக்கமாகக் கட்டிய இரண்டிலும் காசநோய் பல மடங்கு அதிகம். கீழ்த் தளங்களில், வெளிச்சமும் காற்றும் குறைந்த வீடுகளில் அதிகம்.

மூன்று இடங்களிலும் இருப்பவர்கள் அதே வார்டின் எளிய மக்கள்தான். பழக்கவழக்கத்தைக் குற்றம் சொல்ல இங்கே இடம் குறைவு.

ஏன் மூன்று மீட்டர்? யாரோ ஒரு கெட்டவன் எடுத்த முடிவு என்று நினைக்க வேண்டாம். குடிசை மறுவாழ்வுத் திட்டங்களுக்காகக் கட்டட விதிகள் தளர்த்தப்பட்டன. இலவச வீடு கட்டித் தரும் பில்டருக்கு, அதற்கு ஈடாக வேறு இடத்தில் கூடுதலாகக் கட்டும் உரிமை கிடைக்கும். அதை அவர் விற்கலாம். அப்படியானால் அவருடைய வருமானம் எத்தனை வீடு கட்டினார் என்பதில் இருக்கிறது. நடுவில் விடும் காலி இடத்துக்கு யாரும் அவருக்குப் பணம் தருவதில்லை. இலவச வீடு வாங்குபவர் "ஜன்னல்ல வானம் தெரியல" என்று சண்டை போடும் நிலையிலும் இல்லை. காசு கொடுத்து ஃபிளாட் வாங்குபவர் அதைத்தான் முதலில் பார்ப்பார்.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி

இங்கே சென்னையிலிருந்து ஒரு எதிர்வாதம் வருகிறது, அதைத் தாண்டிப் போக முடியாது.

1950கள் வரை காசநோய்க்கு நல்ல காற்று, ஓய்வு, சத்தான உணவு என்று சானடோரியத்தில் வைப்பதுதான் வழக்கம். தாம்பரம் சானடோரியம் என்று ரயில் நிலையத்தின் பெயரே இருக்கிறதே. 1956இல் சென்னையில் தொடங்கிய காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஒரு துணிச்சலான சோதனை செய்தது. 193 ஏழை நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள், மறு பாதியை அவர்களின் நெரிசலான வீடுகளிலேயே இருக்கவிட்டார்கள். இரு தரப்புக்கும் அதே மருந்து. ஓராண்டு முடிவில் பலன் ஏறக்குறைய சமம். அதைவிட ஆச்சரியம், வீட்டில் வைத்துச் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தினருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவும் இல்லை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு.

அப்படின்னா காற்றும் ஜன்னலும் முக்கியமே இல்லையா? மருந்து கொடுத்தால் போதுமா?

சென்னை ஆய்வு சொன்னது சிகிச்சை தொடங்கியவர்களைப் பற்றி. சரியான மருந்து உள்ளே போனதும் நோயாளி கிருமியைப் பரப்புவது வேகமாகக் குறைந்துவிடும். பரவல் பெரும்பாலும் நடப்பது அதற்கு முன்னால். இருமல் வந்து, "சளிதான், சரியாப் போயிடும்" என்று மருந்துக் கடையில் டானிக் வாங்கிக் குடித்து, வாரங்கள் மாதங்களாகி, யாரோ ஒரு டாக்டர் கடைசியில் சளிப் பரிசோதனைக்கு எழுதித்தரும் வரை. அந்த இடைவெளியில் அவரைச் சுற்றி இருப்பவர்களைக் காப்பாற்ற மருந்து இல்லை. அவருக்கு நோய் இருப்பதே யாருக்கும் தெரியாது. அப்போது வேலை செய்வது காற்று ஒன்றுதான்.

அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்பதையும் வறுமைதான் தீர்மானிக்கிறது. தினக்கூலிக்காரருக்கு அரசு மருத்துவமனைக்குப் போவது என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு. பரிசோதனை முடிவு வாங்க இன்னொரு நாள்.

வறுமை உடம்புக்குள்ளும் வேலை செய்கிறது. கிருமி உள்ளே போன எல்லோருக்கும் நோய் வருவதில்லை. பெரும்பாலானோரின் உடம்பு அதை அடக்கி வைத்துவிடும். சத்தில்லாத உடம்பு அடக்கத் தடுமாறும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வில், காசநோயாளிகளின் குடும்பத்தினர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்தார்கள். கூடுதல் உணவுப் பொருள் கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. மாதாமாதம் ஒரு மளிகைப் பை செய்த வேலை இது.

வீடு மட்டும் போதாது

"என் வீட்டுல ஜன்னல் இருக்கு, நல்லா சாப்பிடறோம், எங்களுக்கு என்ன?" என்று ஒருவர் கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் காசநோய் மிகுந்த இரண்டு புறநகர்ப் பகுதிகளில், யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று கிருமியின் மரபணு அடையாளத்தை வைத்துத் தேடினார்கள். 2004இல் வந்த முடிவு, வீட்டுக்குள் நடந்த தொற்று ஐந்தில் ஒரு பங்குதான் என்றது. மிச்சமெல்லாம் வெளியே. அடைத்த ஷேர் ஆட்டோ, பட்டறை, டீக்கடை, வகுப்பறை, கிளினிக் வரிசை. ஆக, ஒரு குடும்பத்தின் ஏழ்மையை மட்டும் கணக்கில் எடுத்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். சுற்றி இருப்பவர்கள் எல்லோரும் காற்றில்லாத அறைகளில் நேரத்துடன் கண்டுபிடிக்கப்படாமல் இருமிக்கொண்டிருந்தால், அந்தப் பேட்டையின் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்கிறார்கள்.

தொடங்கிய இடத்திலிருந்த 57க்கும் 16க்கும் இதே விளக்கம் பொருந்தும். பொதுக் கழிப்பறையும் பொதுக் குழாயும்தான் குடிசைப் பகுதியில் பரவலுக்கு முக்கியக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். காலையில் கழிப்பறைக்கு வரிசையில் நிற்க வேண்டியவரிடம் "வீட்டிலேயே இருங்கள்" என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? இதைப் புரிந்துகொண்டதால்தான் தாராவியில் 2020இல் மாநகராட்சி பாணியை மாற்றியது. வீட்டில் தனிமைப்படுத்துவது நடக்காது என்று தெரிந்து, பள்ளிகளிலும் மண்டபங்களிலும் படுக்கை போட்டார்கள். காய்ச்சல் முகாம்களைத் தெருவுக்கே கொண்டுபோனார்கள். கழிப்பறைகளை ஒரு நாளைக்குப் பலமுறை கழுவினார்கள். உலகச் சுகாதார அமைப்பின் தலைவர் அந்த ஜூலையில் தாராவியைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். மக்களின் பழக்கத்தைத் திருத்த முயன்றதைவிட, இடத்தின் குறைக்கு மாற்று ஏற்பாடு செய்ததுதான் அங்கே கைகொடுத்தது.

சதுர அடியும் மீட்டரும்

தாராவியைப் பற்றித் தமிழர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய்த் தோல் பதனிட்டு அந்தச் சதுப்பு நிலத்தை ஊராக்கியவர்களில் நம் ஆட்கள் நிறையப் பேர். அந்தத் தாராவியை இப்போது இடித்துக் கட்டும் திட்டம் நடந்துகொண்டிருக்கிறது. தகுதி உள்ளவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு, மற்றவர்களுக்கு நகரின் வேறு பகுதிகளில் என்று பேச்சு. யாருக்குத் தகுதி, எத்தனை சதுர அடி என்பதைச் சுற்றித்தான் நான் படித்த செய்திகளில் பெரும்பாலானவை ஓடுகின்றன. இரண்டும் முக்கியமான சண்டைதான்.

நான் அதோடு ஒரு எண்ணையும் கேட்கச் சொல்வேன்: இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எத்தனை மீட்டர்? சதுர அடி வீட்டுக்குள் அளப்பது, எல்லோருக்கும் தெரியும். இந்த எண் வீட்டுக்கு வெளியே இருக்கிறது, பத்திரத்தில் வராது, சாவி வாங்கும்போது யாரும் காட்டமாட்டார்கள். ஆனால் அடுத்த ஐம்பது ஆண்டுக்கு அந்த வீட்டில் பிறக்கும் குழந்தைகள் எதைச் சுவாசிக்கும் என்பதை அதுதான் முடிவு செய்யும். மருந்தை மாற்றலாம், முகாம் போடலாம், மளிகைப் பை கொடுக்கலாம். எல்லாம் செய்யத்தான் வேண்டும். கட்டி முடித்த இரண்டு ஏழு மாடிக் கட்டடங்களை மட்டும் பின்னால் தள்ளிவைக்க முடியாது.

சென்னையில் கூவம், அடையாறு கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை அனுப்பும்போதும் இதே கேள்வியைக் கேட்கலாம். பெரிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. கட்டட வரைபடம், ஒரு அளவுகோல், எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். உயரத்தை இரண்டால் வகுத்துப் பாருங்கள். வரும் எண்ணைவிட இடைவெளி குறைவாக இருந்தால், கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட வேண்டும்.